செமினிப் பிள்ளைக்கு எட்டுமா தொழில்முறை கோல்ப்?

செமினி – ரிஞ்சிங், டொமினியன் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் பெரும்பகுதி இப்போது வீடமைப்புப் பகுதி. காரில் சற்றுத் தூரம் போனால் காஜாங்கில் ஜேக் நிக்லஸ் வடிவமைத்த சுங்கை லோங் கோல்ப் திடல் இருக்கிறது. இன்னொரு பக்கம் பாங்கி திடல். திடல் பக்கம்தான், ஆட்டம்தான் தூரம்.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவற்றில் ஒன்று, 2010இல் தொடங்கிய ஆசிய மேம்பாட்டுச் சுற்று. ஆசியாவின் முதன்மைச் சுற்றில் இடம் குறைவு. தகுதிப் போட்டியில் தோற்ற இளம் ஆட்டக்காரர் அடுத்த ஆண்டு வரை சும்மா இருக்க வேண்டியதுதான். அவர்களுக்காக வந்ததே இந்த இரண்டாம் நிலைச் சுற்று. ஆண்டு முடிவில் பரிசுப் பணப் பட்டியலில் முன்னிலை பெறும் சிலர் முதன்மைச் சுற்றுக்கு ஏறிவிடலாம். 2013 முதல் உலகத் தரவரிசைப் புள்ளிகளும் கிடைத்தன. மலேசியத் தொழில்முறை கோல்ப் அமைப்போடு இணைந்து பல போட்டிகள் இங்கேயே நடந்ததால், நம் நாட்டு ஆட்டக்காரர்கள் விமானம் ஏறாமலேயே களம் கண்டனர். எஸ்.சிவசந்திரன், எம்.சசிதரன் போன்ற தமிழர்களும் இந்தத் தலைமுறையில் தொழில்முறையாக ஆடியவர்கள்தான்.

ஆனால் வரும்படி? கோலாலம்பூரில் 2018இல் கடைசியாக நடந்த சிஐஎம்பி கிளாசிக் போட்டியின் மொத்தப் பரிசு 70 லட்சம் அமெரிக்க டாலர். மேம்பாட்டுச் சுற்றில் அதன் சிறு துளிதான். இரண்டு சுற்றுகளுக்குப் பின் கீழே தங்கிவிட்டால் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், கேடி கூலி எல்லாம் சொந்தச் செலவு. புரவலரோ வசதியான தந்தையோ இல்லாதவர் எத்தனை மாதம் தாங்குவார்?

முன்பு இன்னொரு வழி இருந்தது. பை தூக்கப் போன பையன், பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொள்வான். பெங்களூரில் அப்படி வளர்ந்த சி.முனியப்பா 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தையே வென்றார். மலேசியாவிலும் எம்.ராமையா, பி.குணசேகரன் ஆகிய பெயர்கள் ஒரு காலத்தில் தொழில்முறை கோல்ப் வட்டாரத்தில் நன்கு அறிமுகமானவை. இன்று பல திடல்களில் பையைச் சுமப்பது பக்கி வண்டி. அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

புதிய வழி வேறு. 2017இல் ஆசியச் சுற்றின் முதலிடம் பெற்ற முதல் மலேசியர் கேவின் கிரீன், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அணியில் ஆடி வந்தவர். சிறு வயதிலேயே பயிற்சி, இளையோர் போட்டிகள், பிறகு வெளிநாட்டுக் கல்லூரி. மேம்பாட்டுச் சுற்று ஏணியின் நடுப்படிதான். காலை வைக்க வேண்டிய முதல் படி, பத்து வயதில் ஒரு பிள்ளையின் கைக்கு மட்டை வருவது. அதை எந்தச் சுற்றும் தராது.

நம் அமைப்புகளும் வணிகர்களும் நிதி திரட்ட கோல்ப் போட்டிகள் நடத்துவது புதிதல்ல. நல்ல காரியம்தான், கல்விக்கும் மருத்துவத்துக்கும் அந்தப் பணம் போகிறது. அதே திடலில், அதே நாளில், பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து இருபது பிள்ளைகளை அழைத்து வந்து பயிற்சித் தளத்தில் ஒரு மணி நேரம் பந்தடிக்க விட என்ன செலவாகிவிடும்?