நிழல் எழுத்து! குற்றவாளி யார்?

திருப்பூர் ராயபுரம். ஒரு பனியன் கம்பெனி. மாலை நேரம். வாசலில் லாரி நிற்கிறது. சரக்கு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டும். பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகள் அச்சாகி வருகின்றன.

முதலாளி ஒரு சீட்டை எடுத்துப் பார்க்கிறார். மேலே உள்ள எழுத்து, கீழேயும் மங்கலாக விழுந்திருக்கிறது! அந்த நிழல் பட்ட இடத்தில் எண் 3 கூட 8 போலத் தெரிகிறது.

"என்னடா தம்பி இது? கண்ணை எங்கே வெச்சிருந்தே?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. மிஷின்தானுங்க இப்படி அடிக்குது."

"சம்பளத்துல பிடிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்!"

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பையன் மீது பழி. கூலியில் பிடித்தம். மறுநாள் புது உருளைக்கும் செலவு. அதன் பிறகும் நிழல் போகாவிட்டால்?

கோபப்படுவதற்கு முன் அடிக்கோலை எடுக்க வேண்டும். நிழலின் தூரமே குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும்.

சுற்றும் உருளை

லேசர் அச்சு எந்திரமும் ஜெராக்ஸ் எந்திரமும் ஒரே குடும்பம். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938 அக்டோபர் 22 அன்று இந்த முறையில் முதல் பிரதியை எடுத்தார். அது கடைக்கு ஏற்ற எந்திரமாக வளர்ந்து, 1959இல்தான் வெளிவந்தது.

உள்ளே ஓர் உருளை சுற்றுகிறது. அதில் மின்சாரம் ஏற்றுகிறார்கள். வெளிச்சம் அதன் மேல் எழுத்தை வரைகிறது. அந்த இடத்தில் மைத்தூள் ஒட்டுகிறது. தூள் காகிதத்துக்கு மாறுகிறது. பிறகு சூடான இன்னோர் உருளை அதை உருக்கிக் காகிதத்தோடு ஒட்ட வைக்கிறது. முதல் உருளையில் மிச்சமிருக்கும் தூளை ஒரு பட்டை வழித்து எடுத்துவிடும்.

பட்டை தேய்ந்துவிட்டால்? பழைய தூள் உருளையிலேயே தங்கும். அடுத்த சுற்றில் அதுவும் காகிதத்தில் விழும். அதுதான் நிழல்!

சூட்டு உருளையிலும் இதே கதை நடக்கும். சூடு போதாவிட்டால் தூள் சரியாக உருகாது. கொஞ்சம் அந்த உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று சுற்றி வந்து, காகிதத்தின் கீழ்ப்பகுதியில் இறங்கும்.

அடிக்கோல் சொல்லும் சாட்சி

எழுத்துக்கும் அதன் நிழலுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அந்தத் தூரமும் ஓர் உருளையின் சுற்றளவும் ஒன்றாக இருந்தால், கோளாறு அந்த உருளையில்தான். குறுக்களவு 30 மில்லிமீட்டர் உள்ள உருளைக்குச் சுற்றளவு சுமார் 94 மில்லிமீட்டர். எந்திரத்துக்கு எந்திரம் அளவு மாறும். பழுது பார்ப்பவரிடம் கேட்டால் சரியான அளவைச் சொல்வார்.

இன்னொரு சோதனையும் உண்டு. காகிதம் பாதி தூரம் போனதும் மூடியைத் திறந்து நிறுத்துங்கள். சூட்டு உருளைக்குள் போகாத பகுதியைப் பாருங்கள். அங்கேயே நிழல் இருந்தால், குற்றவாளி முதல் உருளை அல்லது பட்டை. அங்கே நிழல் இல்லை, வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது என்றால், சூட்டு உருளையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஜாக்கிரதை! சூட்டு உருளையைத் தொட்டால் கை வெந்துவிடும். முதல் உருளையை வெயிலில் வைத்தால் கெட்டுவிடும்.

மழைக்காலத்துக் காகிதம்

எல்லாக் கோளாறும் எந்திரத்தில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்துப் போட்ட காகிதக் கட்டு ஈரத்தை உறிஞ்சும். ஈரக் காகிதத்தில் தூள் சரியாக ஒட்டாது. அச்சான எழுத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். அழிந்து வந்தால், சூடு போதவில்லை என்று அர்த்தம். புதிய, உலர்ந்த கட்டைப் பிரித்து அச்சடித்துப் பாருங்கள்.

தடித்த அட்டைக்கு அதிகச் சூடு வேண்டும். கணினியில் காகித வகையை "தடித்தது" என்று மாற்றினால் எந்திரம் சூட்டைக் கூட்டும். இதற்குக் காலணா செலவில்லை!

மைத்தூளை மறுபடி நிரப்பிய பெட்டியா? நிரப்பியவர் தேய்ந்த பட்டையை மாற்றினாரா, கழிவுத் தூளைக் கொட்டினாரா என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"லாரி நிற்கும்போது அளந்துகொண்டிருக்க முடியுமா?" என்று முதலாளிகள் கேட்கலாம். அவர்கள் அவசரம் நியாயமானதே. ஆனால் அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். காரணம் தெரியாமல் உருளை வாங்கினால் பணமும் போகும், நேரமும் போகும்.

பையன் மீது தவறே இருக்காது என்பதல்ல. கட்டைப் பிரித்து இரவெல்லாம் திறந்து போட்டது அவனாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். முதலில் அவனுக்குக் கற்றுக் கொடுத்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைப்பதற்கு முன், தொழிலாளி தன் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதைச் சொன்னது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. ஏழையின் ஒரு நாள் கூலி என்பது, ஒரு வீட்டின் ஒரு நாள் சோறு.

கம்பெனிகளும் ஜெராக்ஸ் கடைகளும் எந்திரத்தின் பக்கத்தில் ஓர் அடிக்கோலைக் கட்டித் தொங்கவிடட்டும். உருளைகளின் சுற்றளவை ஓர் அட்டையில் தமிழில் எழுதி ஒட்டட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட, படித்துக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த முறை நிழல் எழுத்து வந்தால், முதலாளி குரலை உயர்த்த வேண்டாம். "தம்பி, அந்த அடிக்கோலை எடு" என்று சொன்னால் போதும்!