ஐபோனா, ஆண்ட்ராய்டா... லேபிளுக்கு ஏன் இவ்ளோ சண்டை? ஒரு தாராபுரம் சனிக்கிழமைக் கணக்கு!

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. தாராபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரி. திருப்பூர் பனியன் கம்பெனி வேன்ல இருந்து இறங்கின நாலு பசங்க. பாக்கெட்ல வாரச் சம்பளம், டேபிள்ல டீ, தேங்காய் பன்.

"ஏன்டா மாப்ள, உன் ஐபோன்ல சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்குதா?"

"உன் போன்ல விளம்பரம் வராம ஒரு ஆப் தொறக்குமா? மொதல்ல அதச் சொல்லு!"

"எங்களுதுல 120 வாட்ஸ் சார்ஜர்டா. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பாதி ஏறிடும்."

"ஏறும் ஏறும்... ரெண்டு வருஷத்துல அந்த பேட்டரியும் எறங்கிடும்!"

நாலாவது ஆள் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னதுதான் பன்ச்: "மொதல்ல ரெண்டு பேரும் டியூ கட்டி முடிங்கடா. போன் உங்களுதான பொறவு சண்ட போடலாம்!"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. ஆனால், அந்த ஒரு வரியில் ஒரு முழு அரசியல் இருக்கிறது. கம்பெனிக்காரன் நமக்குச் சம்பளம் தருவதில்லை, சொந்தக்காரனும் இல்லை. ஆனாலும் ஒரு போன் பிராண்டைக் குறை சொன்னால் நம்ம வீட்டு ஆளைச் சொன்ன மாதிரி கோபம் வருகிறது. ஏன் பாஸ்?

அவங்க கோர்ட்ல சண்டை... கொடுக்கல் வாங்கல் தனி!

2011-ல் சாம்சங் மீது ஆப்பிள் காப்புரிமை வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் அமெரிக்க ஜூரி, சாம்சங் நூறு கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது. மேல்முறையீடு, மறுவிசாரணை என இழுத்து, 2018 ஜூனில்தான் இரு கம்பெனிகளும் சமரசம் ஆயின. இந்த ஏழு வருஷத்தில் ரசிகர்கள் இணையத்தில் போட்ட சண்டைக்கு அளவே இல்லை.

அந்த வழக்கு முடிவதற்கு முன்பே, 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் ஓ.எல்.இ.டி. திரையைச் செய்து கொடுத்தது யார்? சாம்சங் குழும நிறுவனம்தான். கோர்ட்டில் எதிரி, வியாபாரத்தில் சப்ளையர். அவங்களுக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

இன்னொரு கதை. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜரை எடுத்துவிட்டார்கள். 'எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு' என்கிற மாதிரி சாம்சங் பக்கத்திலிருந்து ஒரு கிண்டல் பதிவு வந்தது. மூணே மாசம். 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கிண்டல் பதிவும் காணாமல் போனது. ஹெட்போன் ஜாக் விஷயத்திலும் இதே கதைதான். 2016-ல் கிண்டல், 2019-ல் நோட் 10-லும் ஜாக் காலி.

'எங்காளு அப்படிச் செய்ய மாட்டான்' என்று கமென்ட்டில் கத்திய ரசிகர்கள்தான் பாவம், பதில் சொல்ல முடியாமல் நின்றார்கள்.

லேபிள் ரகசியம் நமக்குத் தெரியாததா?

உலகத்தில் யார் வேண்டுமானாலும் பிராண்ட் மாயையில் விழலாம். திருப்பூர் வட்டாரத்துக்காரர்கள் விழுந்தால்தான் ஆச்சர்யம். ஏனென்றால், லேபிள் எப்போது ஏறுகிறது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

நிட்டிங், டையிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரே கம்பெனி ஒரு மாசம் ஐரோப்பிய பிராண்டுக்கு ஓட்டும், அடுத்த மாசம் அமெரிக்க பிராண்டுக்கு ஓட்டும். மெஷின் அதே, டெய்லர் அதே. கழுத்துப் பக்கம் தைக்கிற சின்னத் துண்டு மட்டும் மாறும், கடையில் விலை எங்கேயோ போகும். ஆர்டர் போக மிஞ்சிய சரக்கு காதர்பேட்டைக்கு வந்தால் அதன் விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும்.

போன் உலகமும் கிட்டத்தட்ட இதேதான். ஓப்போவும் விவோவும் சீனாவின் பி.பி.கே. எலக்ட்ரானிக்ஸ் என்ற ஒரே வேரிலிருந்து முளைத்தவை. 2018-ல் ரியல்மி வந்ததே ஓப்போவின் துணை பிராண்டாகத்தான். ஒன்பிளஸைத் தொடங்கிய பீட் லாவ், அதற்கு முன் ஓப்போவில் இருந்தவர்; 2021-ல் ஒன்பிளஸ் ஓப்போவோடு சேர்ந்துவிட்டது. ஐக்யூ, விவோவின் வீட்டுப் பிள்ளை. ரெட்மி, போக்கோ ரெண்டுமே ஷாவ்மி வீட்டிலிருந்து வந்தவை. ஆக, பேக்கரியில் 'ஒன்பிளஸ் பெருசா, ரியல்மி பெருசா' என்று மல்லுக்கட்டுகிற ரெண்டு பேர், ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

'அப்போ எல்லா போனும் ஒண்ணா?' என்றால், இல்லை. ஒரே நூலில் நல்ல தையலும் உண்டு, மோசமான தையலும் உண்டு இல்லையா? சாஃப்ட்வேர், கேமரா தரும் நிறம், எத்தனை வருஷம் அப்டேட், சர்வீஸ் எப்படி... இதெல்லாம் பிராண்டுக்கு பிராண்ட் நிஜமாகவே மாறும். வித்தியாசம் இருக்கிறது. சண்டை போடுகிற அளவுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மனசு ஏன் ஒட்டிக்குது?

2001-ல் ஆல்பர்ட் முனீஸ், தாமஸ் ஓகுயின் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 'பிராண்ட் சமூகம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மேக் கம்ப்யூட்டர், சாப் கார், ஃபோர்ட் பிராங்கோ வண்டி வைத்திருப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு. அவர்கள் கண்டது இதுதான்: ஒரு பிராண்டைப் பிடித்தவர்கள் மெள்ள மெள்ள ஒரு ஊர்க்காரர்கள் போல ஆகிவிடுகிறார்கள். 'நாம' என்ற உணர்வு வருகிறது. தங்களுக்கென்று சடங்கு, பழைய கதை எல்லாம் சேர்கிறது. கூடவே, 'அவங்க' என்று எதிரே ஒரு கூட்டமும் வேண்டியிருக்கிறது.

முதல் நாள் முதல் ஷோ பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தல-தளபதி சண்டையில் ஊறிய மனசு, புது ஐபோன் ரிலீஸ் அன்று விடியற்காலையில் மும்பைக் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளும். ஒரே வித்தியாசம், அஜித் 2011-ல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். எந்த போன் கம்பெனியும் அப்படிச் செய்யாது. மன்றம்தான் அவர்களுக்கு இலவச விளம்பரம்.

இதில் கேலி செய்ய மட்டுமே இல்லை. ஒன்றரை ஷிஃப்ட் நின்று வேலை பார்க்கிற ஒரு பொண்ணுக்கு, வீட்டில் யாரிடமும் கேட்காமல் தன் காசில் வாங்கிய முதல் பொருள் பெரும்பாலும் போன்தான். அதில்தான் அவளுடைய போட்டோ, பாட்டு, பேங்க் கணக்கு, படிக்க நினைக்கிற கோர்ஸ் எல்லாம். அதைக் குறை சொன்னால் அவளுடைய உழைப்பைக் குறை சொன்ன மாதிரி வலிக்கும். வாங்கிய விலை அதிகமாக அதிகமாக, 'நான் தப்பு பண்ணல' என்று மனசு வக்காலத்து வாங்குவதும் அதிகமாகும். விசுவாசம் என்று நாம் சொல்வதில் பாதி, கட்டிய பணத்துக்கு நாமே சொல்லிக்கொள்கிற ஆறுதல்.

விசுவாசத்துக்கு ஆயுள் எவ்வளவு?

உங்க அப்பாவிடம் கேளுங்கள், 'நோக்கியா மாதிரி வருமா?' என்பார். 2003-ல் வந்த நோக்கியா 1100, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஃபேக்டரி தொடங்கியபோது தமிழ்நாடே கொண்டாடியது. ஆண்ட்ராய்டு அலையில் கம்பெனி சரிந்தது, வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி அந்த டீலில் இல்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்தார்கள். வாங்கியவர்களின் விசுவாசமும் சரி, வேலை பார்த்தவர்களின் விசுவாசமும் சரி, ஒரு மெஷினைக்கூட ஓட வைக்கவில்லை.

அதன் பிறகு? கனாலிஸ் கணக்கின்படி 2014-ன் கடைசிக் காலாண்டில் இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் சாம்சங்கைத் தாண்டியது மைக்ரோமேக்ஸ். அதே வருஷம் ஆன்லைன் ஃபிளாஷ் சேலில் நுழைந்த ஷாவ்மி, 2017 கடைசியில் முதலிடம் பிடித்தது. 2020-ல் எல்லை மோதலுக்குப் பிறகு 'சீனப் பொருள் வேண்டாம்' என்று ஊரே பேசியபோதும் கடையில் அதே போன்கள்தான் விற்றன. 2024-ல் ஐ.டி.சி. கணக்கில் முதலிடம் விவோவுக்கு. பத்து வருஷத்தில் இத்தனை ராஜாக்கள்! விலையும் கேமராவும் கொஞ்சம் சரியாக அமைந்தால், நாம் சத்தமில்லாமல் கட்சி மாறிவிடுகிறோம். சண்டைதான் நிரந்தரம், கொடி அல்ல.

கடைக்காரர் பக்கமும் இதேதான். 'இந்த மாடல் எடுங்க சார், சூப்பரா இருக்கும்' என்பதற்குப் பின்னால் மார்ஜின் கணக்கு இருக்கும். 2024 ஏப்ரலில், தென்னிந்தியச் செல்போன் கடைகளின் சங்கம் ஒன்பிளஸுக்கு ஒரு கடிதம் எழுதியது: மார்ஜின் குறைவு, வாரன்டி பிரச்னைகள் தீரவில்லை, மே 1 முதல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலக் கடைகளில் உங்கள் போனை விற்க மாட்டோம். அன்றைக்கு கவுன்டரில் நின்ற யாரும் 'நெவர் செட்டில்' என்று வசனம் பேசவில்லை. கணக்குத்தான் பேசினார்கள்.

ஒரே மாநிலம், ரெண்டு விதி

2025-ல் இன்னொரு விஷயம் நடந்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50% ஆனது. திருப்பூரில் ஆர்டர் தள்ளிப்போனது, தள்ளுபடி கேட்டார்கள், ஷிஃப்ட் குறைந்தது. ஆனால், ஸ்மார்ட்போன்களுக்கு அந்த வரியில் விலக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கானிலும், ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸிலும் தயாரான ஐபோன்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தன.

2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து போன ஐபோன்களின் மதிப்பு சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய். ரெண்டு லைனிலும் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ரெண்டு இடத்திலும் லேபிள் வேறு யாருடையதோ. எந்தப் பொருளுக்கு வரி, எதற்கு விலக்கு என்பதைத் தீர்மானிக்கிற மேஜையில் செல்வாக்கு அந்த லேபிளுக்கு உண்டு. தைக்கிற கைக்கும் ஸ்குரூ முடுக்குகிற கைக்கும் கிடையாது.

'நம்ம ஊர்ல செய்யறாங்க, அப்புறம் ஏன் விலை குறையல?' என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான். அசெம்பிளி என்பது போன் விலையில் சின்னப் பங்கு. சிப், திரை, கேமரா சென்சார் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. அதற்கும் மேல் அந்தக் கடித்த ஆப்பிளுக்கு நாம் தரத் தயாராக இருக்கும் விலை.

சனிக்கிழமைக் கணக்கு

ஐபோன் 17 இந்தியாவில் 82,900 ரூபாய்க்கு வந்தது. 24 மாச இ.எம்.ஐ., வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாசம் 3,454 ரூபாய். நமக்கு மாசக் கணக்கு செட் ஆகாது, வாரக் கணக்கு போடுவோம். ரெண்டு வருஷம், 104 சனிக்கிழமை, ஒவ்வொரு சனிக்கிழமையும் கிட்டத்தட்ட 800 ரூபாய். ஆர்டர் இல்லாத வாரமும் சேர்த்து.

கட்டாவிட்டால்? டியூ தவறினால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் வசதியைக் கடன் நிறுவனங்களுக்குத் தருவது பற்றி ரிசர்வ் வங்கி பரிசீலிப்பதாக 2025-ல் செய்திகள் வந்தன. பேங்க் ஆப், வேலைக்கான அழைப்பு, வீட்டு நம்பர் எல்லாம் இருக்கிற பொருளைப் பூட்டினால் பூட்டப்படுவது போன் மட்டுமா?

அதனால் மக்களே, பிடித்த போனை வாங்குங்கள், தப்பே இல்லை. வாங்குவதற்கு முன் நாலு கேள்வி மட்டும்:

- எத்தனை வருஷம் அப்டேட்? 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங் ஏழு வருஷம் என்று அறிவித்தது. குறைந்த விலை மாடல்களுக்கு அதே வாக்குறுதி இருக்காது. மாடலுக்கு மாடல் பாருங்கள்.

- சர்வீஸ் சென்டர் எங்கே? தாராபுரத்திலேயே இருக்கிறதா, திருப்பூர் போகணுமா, கோவை போகணுமா? ஒரு நாள் லீவ் போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

- திரை மாற்ற, பேட்டரி மாற்ற எவ்வளவு? வாங்கும்போதே கேளுங்கள். உடைந்த பிறகு கேட்டால் நெஞ்சு வலிக்கும்.

- போன வருஷ மாடலுக்கும் இதற்கும் நிஜமாக என்ன வித்தியாசம்? கடைக்காரர் சொல்ல யோசித்தால், பழைய மாடலே போதும்.

பேக்கரியில் டீ கிளாஸ் காலியாகிவிட்டது. ஐபோன்காரர் பேட்டரி ஆறு சதவிகிதத்தில் சிவப்பாகி நிற்கிறது. 120 வாட்ஸ்காரர் பையிலிருந்து சார்ஜரை எடுத்து நீட்டுகிறார். ஐபோன் 15-லிருந்து ரெண்டுக்கும் ஒரே டைப்-சி ஒயர்தானே!

"குத்துடா. ஆனா, எங்க சார்ஜர்னு ஸ்டேட்டஸ்ல போடு!"