இழவு வீட்டு வாயிலில் பேச்சுரிமை

இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடியில் அய்யனார் கோவில் உள்ளது. அய்யனாரை ஊரெல்லையின் காவலராகக் கொள்வது தமிழர் வழக்கு. அவ்வாறு எல்லை காத்த மக்கள் தம் பகைக்கும் ஓர் எல்லை வகுத்திருந்தனர். 'நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போ' என்பதே அது. ஆண்டுக்கணக்கில் பேச்சறுந்த பங்காளியும் இழவு வீட்டுக்கு வந்து நின்றான். பகை வாயிற்படிக்கு வெளியே நின்றது.

2020 ஏப்பிரல் 19 அன்று அவ்வெல்லை சென்னையில் தகர்ந்தது. கொரோனா நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டு இடுகாட்டிலோ கல்லும் கட்டையும் பறந்தன. மனைவியும் மகனும் அவ்விடம் விட்டகல, உடன் பணியாற்றிய மருத்துவர் தம் கையாலேயே மண் தள்ளிப் புதைத்தார். நோய்க்கு அஞ்சிய மக்களுக்குத் தம் அச்சத்தைக் கூறும் உரிமை உண்டு. அதனை ஆள்வோரிடம் கூறியிருக்க வேண்டும். பிணத்தின்மீதும் பெண்டு பிள்ளையின்மீதும் காட்டியது உரிமையாகாது. உயர்வழக்குமன்றம் தானே முன்வந்து வினவியது. அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை என அரசும் சட்டம் செய்தது.

கல் பேச்சாகாது. கல்லெறியாமல் சொல்லை மட்டும் எறிந்தால்?

அமெரிக்காவில் அதுவும் நிகழ்ந்தது. 2006இல் ஈராக்கில் இறந்த படைமறவன் ஒருவனின் அடக்கத்தின்போது, அவன் சாவைக் கொண்டாடும் பலகைகளை மதக்குழு ஒன்று ஏந்தி நின்றது. தந்தை வழக்கிட்டார். 2011இல் அந்நாட்டின் உச்ச வழக்குமன்றத்தில் ஒன்பதின்மருள் எண்மர், அதுவும் காக்கப்பட வேண்டிய பேச்சே என்றனர். ஆயினும் 2012இல், படையினர் அடக்கத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும், 300 அடிக்குள் இடையூறு செய்தல் கூடாதெனச் சட்டம் வந்தது.

நேரிய வழி இதுவே. எல்லையைக் காலத்திற்கும் இடத்திற்கும் இடுக. கருத்திற்கு இட வேண்டா. கருத்திற்கு இட்டால் அக்கயிறு ஆள்வோர் கைக்குப் போகும். 2018 மே திங்களில் தூத்துக்குடியில் பதின்மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். "ஏன் சுட்டீர்?" என்ற வினா அவ்விழவு வீடுகளிலிருந்தே எழுந்தது. துயரைக் காப்பதாகச் சொல்லி அவ்வினாவை அடக்குவதும், துயருற்றோரைத் தாக்குவதே ஆகும்.

வல்லோனை நோக்கி எழும் குரல் உரிமைக் குரல். அழுவோனை நோக்கி எழும் கூச்சல் கொடுமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவே தமிழர் காத்த எல்லை. அதனை இழவற்க!