இயந்திரம் பேசட்டும், மனிதன் கேட்கட்டும்



ஒரு காரியாலயத்தின் வாயில் எங்கே என்று கேட்டால், தெருப் பக்கத்தைக் காட்டுவோம். ஆனால் பலர் முதலில் வந்து நிற்கும் வாயில் டெலிபோன்தான். அடுகோடியிலே இன்று அந்த வாயிலில் பல இடங்களில் மனிதர் இல்லை. இயந்திரக் குரல் நிற்கிறது. "விற்பனைக்கு 1, கணக்குப் பிரிவுக்கு 2" என்று வழி சொல்கிறது. இது நல்லதா, கெட்டதா? நல்லதே என்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

இயந்திரம் என்றதும் முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கான்ஸாஸ் சிட்டியிலே சவ அடக்கத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தானே இணைப்புத் தரும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் காப்புரிமை பெற்றார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை எக்ஸ்சேஞ்சுப் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற ஆத்திரமே அவரைத் தூண்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், இயந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது என்பது மெய்.

1963-ல் பொத்தான் டெலிபோன் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்புகிறது. 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். அவற்றைக் கேட்டே இயந்திரம் எண்ணை அறிந்து, உரிய மேஜைக்கு அழைப்பைத் தள்ளுகிறது. வித்தை அவ்வளவுதான்! 1999-ல் பிறந்த ஆஸ்டரிஸ்க் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே நம் மாணவர் இதை அமைத்துவிடலாம்.

அமைப்பது எளிது. யாருக்காக அமைக்கிறோம் என்பதே கேள்வி. அடுகோடி, மைக்கோ ஆலையால் பெயர் பெற்ற தொழிலாளர் வட்டாரம். 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியே இன்றைய பாஷ். அதன் நவீன வளாகம் 2022-ல் இங்கே திறக்கப்பட்டது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழிகள் ஒரே தெருவிலே ஒலிக்கும் இடம் இது. இப்பக்கத்து அலுவலகம் ஒன்றுக்கு நான் டெலிபோன் செய்தேன். பெயர் வேண்டாம். குரல் ஆங்கிலத்தில் மட்டும் எட்டுப் பிரிவுகளை அடுக்கியது. ஆளிடம் பேச வழி சொல்லவே இல்லை. படித்த நான் எப்படியோ சமாளித்தேன். அங்கே துப்புரவு வேலை பார்த்துவிட்டுச் சம்பள பாக்கியைக் கேட்க அழைக்கும் தாயார் என்ன செய்வார்? வாய் திறக்குமுன்னே அவர் முகத்தில் கதவு சாத்தப்படுகிறதல்லவா?

ஆகவே நான் வேண்டுவன சில. முதற்குரல் கன்னடமாக இருக்கட்டும். இந்த மண்ணின் மொழிக்குரிய மரியாதை அது. அடுத்துத் தமிழும் ஆங்கிலமும் வரட்டும். பிரிவுகள் நான்குக்கு மேல் வேண்டாம். காரியத்தை முதலிலும் எண்ணைப் பின்னாலும் சொல்லவேண்டும். "இரண்டை அழுத்தினால் சம்பளம்" என்றால், சம்பளம் என்ற சொல் வருவதற்குள் எண் மறந்துபோகும். எந்த நேரத்திலும் 0-ஐ அழுத்தினால் ஒரு மனிதர் எடுக்கவேண்டும். ஒன்றையும் அழுத்தாமல் திகைத்து நிற்பவருக்கும் அவரே கிடைக்கவேண்டும்.

"ஆள் செலவைக் குறைக்கத்தானே இயந்திரம்?" என்று முதலாளி கேட்கலாம். நாள் முழுதும் "யார் வேண்டும்?" என்று கேட்டுக் களைத்த ஆபரேட்டருக்கு ஓய்வு கிடைக்கட்டும், அந்த ஓய்வு வேலைநீக்கம் ஆகவேண்டாம். வழி தெரிந்தவரை இயந்திரம் அனுப்பட்டும். வழி தெரியாதவருக்கு அவர் நிதானமாகப் பதில் சொல்லட்டும். அலுவலகத்துக்கும் அது இலாபமே. பதில் கிடைக்காதவர் பத்துமுறை அழைப்பார். பதில் பெற்றவர் ஒருமுறையோடு நிறுத்துவார்.

நண்பர்களே! நாளை இந்தக் குரல்களை அமைக்கப்போகும் எஞ்சினீயர்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள். வேலையை ஒப்படைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளிக்கூடம் போகாத ஒருவர் கையிலே டெலிபோனைக் கொடுத்து, அருகே மௌனமாக நில்லுங்கள். அவர் தம் காரியத்தை முடித்துக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. இல்லையேல், மீண்டும் தொடங்குங்கள்!