பாட்டியின் தகரப் பெட்டி

குறும்படம் எடுக்கச் சொன்னால் மாணவர் பலர் உடனே திகில் கதையைத் தேர்ந்தெடுக்கின்றனர். இருட்டறையும் அலறலும் போதும் என எண்ணுகின்றனர். என் கருத்தில், கதை வகைக்கு முன் கருவைத் தேட வேண்டும்.

1997இல் வெளிவந்த ஈரானியத் திரைப்படம் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, ஒரு சிறுமியின் கிழிந்த காலணியைத் தைக்கும் கைகளுடன் தொடங்குகிறது. அக்காலணி தொலைந்ததும் அண்ணன், தங்கையின் கதை பிறக்கிறது.

அத்தகைய பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கும். பாட்டி யாரையும் தொடவிடாத தகரப் பெட்டியை முதல் காட்சியில் காட்டுங்கள். பேரன் அதை இரகசியமாகத் திறந்தால் மர்மக் கதை. பாட்டியே திறந்து காட்டினால் குடும்பக் கதை.

பேய்ப்படத்தை யாரும் எடுக்கலாம். உங்கள் பாட்டியின் கதையை உங்களைத் தவிர வேறு யார் எடுப்பார்?