ஜாடை போதும்

அகலப்பாதை என்றால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர் என்பது எழுதி வைத்த அளவு. கூடுதல், குறைவு எவ்வளவு போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ரயில்வேயில் காலம் கழித்த என் போன்றவர்களுக்கு இப்படிப்பட்ட வரையறைகள் மிகவும் பிடிக்கும். ஆனால், இந்த அளவுகோலை எல்லாவற்றின் மீதும் வைத்துப் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து.

இதில் எனக்குத் துணை, தத்துவஞானி விட்கென்ஸ்டைன். அவரும் பெர்லினில் பொறியியல் டிப்ளமா பெற்றவர்தான். அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து, 1953-இல் வெளிவந்த நூலில் ஒரு கேள்வி எழுப்புகிறார்: எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானது எது? போட்டி என்றால், சுவரில் பந்தை எறிந்து பிடிக்கும் குழந்தைக்குப் போட்டி யார்? திறமை என்றால், நம் பரமபதத்தில் திறமைக்கு என்ன வேலை? பொதுவான ஒன்று அகப்படாது. இருப்பது குடும்ப ஜாடை. அண்ணனுக்கு அப்பாவின் மூக்கு, தங்கைக்கு அப்பாவின் நடை, தம்பிக்கு அம்மாவின் கண். ஆனாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரிகிறது அல்லவா?

1975-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலினார் ராஷும் கரோலின் மெர்விஸும் இதைச் சோதித்தார்கள். 'வாகனம்' என்ற இனத்தில் கார் முதலிடத்தில் நின்றது, லிஃப்ட் கடைசியில். தன் இனத்தோடு அதிக அம்சங்களைப் பகிர்ந்துகொள்ளும் பொருளையே மக்கள் நல்ல உதாரணமாகக் கொண்டார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு அதற்கு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. குறைந்தது 5, இரண்டு வாரங்கள் இருக்க வேண்டும்; மனவாட்டம், எதிலும் நாட்டமின்மை இவ்விரண்டில் ஒன்றாவது அவற்றில் இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரு நோயாளிகளுக்கு ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். அது தூக்கக் கோளாறு என்றால், ஒருவருக்குத் தூக்கமே வராது. மற்றவர் எந்நேரமும் தூங்குவார்!

நம் வீடுகளிலோ ஒரே அடையாளத்தைத் தேடுகிறோம். "அழவில்லையே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரே, அவருக்கென்ன?" என்கிறோம். பெரியவர் செய்தித்தாளைத் தொடுவதில்லை, மாலை நடை நின்றுவிட்டது, நண்பர்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. 'வயதாகிவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

ஜாடையை வைத்து நாமே நோய் என்று தீர்ப்பளித்துவிடலாமா என்று சிலர் கேட்கலாம். கூடாது. வேறு காரணங்களும் இருக்கலாம். எண்ணிப் பார்த்து முடிவு சொல்வது மருத்துவரின் வேலை. ஆனால் மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கு எல்லா அடையாளங்களும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு ஜாடை போதும்.