தேன்மெழுகு போட்டா லோஷன் ஆயிடுமா?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்து அரிச்ச விஷயம், இன்னிக்குக் கொட்டிடறேன். அடிக்க வர்றவங்க வரிசைல வாங்க :-)

"கெமிக்கலே இல்லாத வீட்டு லோஷன்"னு ஒரு குறிப்பு ஊரெல்லாம் சுத்துது. தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கத்தாழை ஜெல், அவ்ளோதான். நானும் நம்பி அம்மாவோட குதிகால் வெடிப்புக்காகச் செஞ்சேன். மறுநாளே திரிஞ்ச பால் மாதிரி தண்ணி தனி, எண்ணெய் தனி. கலக்கித் தடவினா பிசுபிசுன்னு தரையெல்லாம் வழுக்கல். பத்தாம் நாள் மூடியைத் திறந்தா கறுப்புப் புள்ளி. பூஞ்சை! அம்மாவுக்குச் சர்க்கரை வேற. முந்தின நாள் வரைக்கும் வெடிப்புல அதைத்தான் தடவிக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் ஆகலை, எங்க நல்ல நேரம்.

தப்பு என் கையில இல்லை சாமி, குறிப்புலதான். தேன்மெழுகு கெட்டியாக்கும், ஆனா எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சு வைக்காது. அதுக்கு எமல்சிஃபையிங் வாக்ஸ் வேணும். நான் இப்போ செய்யறது 100 கிராமுக்கு: தண்ணி 76, எண்ணெய் 15, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, கிளிசரின் 3, பிரிசர்வேட்டிவ் 1. எண்ணெயும் வாக்ஸும் ஒரு பாத்திரம், தண்ணியும் கிளிசரினும் இன்னொண்ணு. ரெண்டையும் 70 டிகிரிக்குச் சூடாக்கி ஒண்ணா ஊத்தி, ஆறுற வரைக்கும் விட்டு விட்டுக் கடையணும். பிரிசர்வேட்டிவ் 40 டிகிரிக்குக் கீழ வந்தப்புறம்தான் (உங்க பாட்டில்ல போட்டிருக்கற அளவையும் பார்த்துக்குங்க).

தோல்ல இறங்காம எண்ணெயா மினுக்குதா? எண்ணெயைக் குறைங்க, இல்லை பாதியை சூரியகாந்தி எண்ணெயா மாத்துங்க. தடவினா வெள்ளைக் கோடு விழுதா? வாக்ஸ்ல ஒரு கிராம் குறைச்சுப் பாருங்க. கையில ஒட்டுதா? கிளிசரின் ஜாஸ்தி. குளிச்ச ஈரத்தோட தடவினா பாதிப் பிரச்சனை தீர்ந்துடும்.

"பாட்டி காலத்துல பிரிசர்வேட்டிவா போட்டாங்க?"ன்னு கேப்பீங்க. பாட்டி தடவினது வெறும் தேங்காய் எண்ணெய்ங்க. தண்ணியே இல்லாத இடத்துல பூஞ்சை எங்கேர்ந்து வளரும்? நீங்க கத்தாழைன்னு கால் லிட்டர் தண்ணியை ஊத்திட்டுப் பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. விட்டமின் ஈ போட்டாலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காது, அவ்ளோதான். கிருமிக்கு அது காவல் இல்லை.

கெமிக்கல் வேணாமா? பேஷா எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் உருக்கி, தைலம்னு பேர் வைங்க. அதை லோஷன்னு சொல்லிச் சர்க்கரைக்காரங்க காலோட விளையாடாதீங்க.

டிஸ்கி: வெடிப்பு ஆழமா, ரத்தம் கசிஞ்சா, லோஷனே வேணாம். டாக்டர்கிட்ட ஓடுங்க.